நார்க்கழிவு நிறத்தை எடுக்கும், உப்பை எடுக்காது: நொய்யல் கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இரண்டு பாட்டில்களில் சாயத்தண்ணீர். ஒன்றில் மெத்திலீன் நீலம், இன்னொன்றில் பனியன் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சிவப்பு. இரண்டிலும் ஒவ்வொரு கைப்பிடி தென்னை நார்க்கழிவை (மட்டையிலிருந்து நார் எடுத்தபின் மிஞ்சும் தூள்) போட்டு, மூடியைத் திருகி, அரை மணி நேரம் விட்டுவிட்டுக் குலுக்கச் சொல்வேன். வேதியியல் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்கு நான் வழக்கமாகச் செய்துகாட்டும் சோதனை இது. வடிதாளில் ஊற்றியதும் நீலப் பாட்டிலிலிருந்து வெளிறிய தேநீர் மாதிரி ஒரு தண்ணீர் சொட்டும். நீலம் முழுக்க நார்த்தூளில் ஏறியிருக்கும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அடுத்தது சிவப்புப் பாட்டில். அதிலிருந்து சிவப்பாகவேதான் தண்ணீர் இறங்கும். போதாக்குறைக்கு நார்த்தூளின் பழுப்பும் சேர்ந்து முன்னைவிட மங்கலாக இருக்கும்.

"ஏன் மேடம் இது மட்டும் போகல?" என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்.

வேளாண் கழிவைக் கொண்டு சாயக்கழிவைச் சுத்தம் செய்யலாம் என்று சொல்லும் ஆய்வுகள் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நெல் உமி, கரும்புச் சக்கை, வாழைத்தண்டு, ஆரஞ்சுத் தோல், நிலக்கடலைத் தோல், தேயிலைத் தூள் என்று கையில் கிடைத்ததை எல்லாம் சோதித்திருக்கிறார்கள். ஆனாலும் திருப்பூரில் ஓடும் சுத்திகரிப்பு நிலையங்கள் இவற்றை நம்பி நிற்கவில்லை. ஆய்வு பொய்யா? இல்லை. ஆய்வு ஒரு கேள்விக்குப் பதில் சொன்னது, திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆறு கேட்டது வேறு கேள்வி. இரண்டுக்கும் நடுவில் என்ன இடைவெளி, அந்த இடைவெளி எங்கே குறையும் என்பதைத்தான் இந்த ஆய்வில் எழுதப்போகிறேன்.

ஆறும் அணையும்

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது நொய்யல். மழைக்காலத்தில் மட்டும் நிறைந்து ஓடும் ஆறு. 1980களிலிருந்து திருப்பூரின் பனியன் ஏற்றுமதி வளர வளர, கரையோரத்தில் சாயப்பட்டறைகள் பெருகின. சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காகக் கட்டிய அணை 1992-ல் முடிந்தது. சில வருடங்களுக்குள் அந்த அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. அணை கட்டினால் தண்ணீரைத் திறந்துவிடு என்று விவசாயி கேட்பதுதான் வழக்கம். இங்கே மட்டும் "திறந்துவிடாதீங்க" என்று கேட்க வேண்டியதாயிற்று.

அந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிக் கேட்டபோது அவர் வாளியில் மொண்டு காட்டினார். கண்ணுக்கு நல்ல தெளிவு. "பாக்கறதுக்கு நல்லாத்தானுங் இருக்குது. வாயில வச்சுப் பாருங்க, உப்புக் கரிக்கும்" என்றார். தென்னைக்கு அதைத்தான் பாய்ச்சினார்களாம், இளநீரும் ருசி மாறிப்போனதாம். இந்த வாளித் தண்ணீரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வழக்குகள் நீண்டன. ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கம் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் கடுமையான உத்தரவு போட்டது. பட்டறை உரிமையாளர்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்ற நிலையை உறுதி செய்தது. அதற்கும் வழி பிறக்காததால் 2011 ஜனவரி 28-ல் உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே உத்தரவில் நின்றன. அந்த மாதங்களில் திருப்பூரில் வேலையை இழந்து ஊர் திரும்பிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். ஆற்றை நம்பியவர்களும் பாவம், பட்டறையை நம்பியவர்களும் பாவம்.

சாயம் ஏன் மிஞ்சுகிறது?

பருத்திக்கு இன்று பெரும்பாலும் போடுவது ரியாக்டிவ் சாயம். அது நூலோடு வேதிப்பிணைப்பு போட்டுக்கொள்வதால் வெளுக்காது. ஆனால் ஒரு சிக்கல். தண்ணீருக்குள் பருத்தி இழையும் எதிர்மின்சுமை ஏந்தி நிற்கிறது, சாய மூலக்கூறும் எதிர்மின்சுமையோடு வருகிறது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளுதலை அடக்கத்தான் உப்பு. சோடியம் குளோரைடோ, கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட்டோ, ஒரு லிட்டருக்குப் பத்துக் கணக்கான கிராம் கொட்டுவார்கள். அப்புறம் சலவை சோடா போட்டுக் காரத்தன்மையை ஏற்றினால்தான் பிணைப்பு நடக்கும். இந்தக் கட்டத்தில் சாயத்தின் ஒரு பகுதி நூலைப் பிடிக்காமல் தண்ணீரையே பிடித்துக்கொள்கிறது. அப்படித் தண்ணீரோடு சேர்ந்த சாயம் திரும்ப எந்தத் துணியிலும் ஏறாது. சாக்கடைக்குத்தான் போகும்.

ஆக, ரியாக்டிவ் சாயத் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரில் மூன்று சங்கதிகள் இருக்கும்: துணியில் ஏறாத எதிர்மின் சாயம், ஏராளமான உப்பு, பிஎச் பத்தைத் தாண்டும் காரம். நார்க்கழிவு எந்தத் தண்ணீரோடு மல்லுக்கட்ட வேண்டும் என்பது இப்போது தெரியும்.

கோவையில் நடந்த ஆராய்ச்சி

இந்தத் துறையில் உலகம் மேற்கோள் காட்டும் வேலைகளில் ஒரு கணிசமான பங்கு நம் ஊரில் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் துறையில் பேராசிரியர் சி. நமசிவாயமும் அவருடைய மாணவர்களும் 1990களின் தொடக்கத்திலிருந்து வாழைத்தண்டுக் கழிவு, ஆரஞ்சுத் தோல், தென்னை நார்க்கழிவு என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார்கள். நார்க்கழிவைத் தேர்ந்தெடுத்ததில் ஓர் உள்ளூர் நியாயம் இருந்தது. பொள்ளாச்சிப் பக்கம் மட்டையிலிருந்து மஞ்சி என்னும் நாரை எடுக்கும் மில்களைச் சுற்றி அந்தக் காலத்தில் நார்க்கழிவு மலை மலையாகக் கிடந்தது. லிக்னின் அதிகம் என்பதால் எளிதில் மக்காது. மழை பெய்தால் அதிலிருந்து டானின் கரைந்து பழுப்புத் தண்ணீராகக் கிணறுகளில் இறங்கும். ஒரு கழிவை வைத்து இன்னொரு கழிவைத் தீர்க்கலாமே என்று எண்ணியது இயல்புதான். நல்ல எண்ணமும்கூட.

அவர்கள் செய்ததன் சாரம் இது. உலர்ந்த நார்க்கழிவை மூடிய பாத்திரத்தில் வைத்து 700 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் கரியாக்குவது. அந்தக் கரியைச் சாயத்தண்ணீரில் போட்டுக் குலுக்கி, நேரம், அளவு, பிஎச், வெப்பநிலை இவற்றை மாற்றி மாற்றி ஒரு கிராம் கரி எவ்வளவு சாயத்தைப் பிடிக்கிறது என்று அளப்பது. 2001-ல் வந்த ஆய்வில் ரோடமின்-பி சாயத்துக்கு ஒரு கிராமுக்கு 2.56 மில்லிகிராம், ஆசிட் வயலட்டுக்கு 8.06 மில்லிகிராம் என்று கிடைத்தது. 2002-ல் காங்கோ சிவப்புக்கு 6.7 மில்லிகிராம்.

(ரோடமின்-பி என்றால் தெரியாதவர்களுக்கு: 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாயைத் தடை செய்ததே, அந்த ரோஸ் நிறம்தான்.)

இன்னும் வலிமையான கரி வேண்டும் என்று துத்தநாகக் குளோரைடு சேர்த்துச் சுட்டார்கள். அதில் ஒரு கிராம் கரியின் உள்பரப்பு 900 சதுர மீட்டரைத் தாண்டியது. ஒரு சிட்டிகைத் தூளுக்குள் பல வீட்டு மனைகளின் அளவுக்குப் பரப்பு ஒளிந்திருக்கிறது. பரப்பு கவர்தல் என்று பள்ளிப் புத்தகத்தில் படிக்கிறோமே, அது நடக்கும் இடம் இந்தப் பரப்புதான்.

சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியிலிருந்து 2001-ல் வந்த ஒப்பீட்டு ஆய்வையும் சொல்ல வேண்டும். மெத்திலீன் நீலத்தை வைத்து பல கரிகளை ஒரே தராசில் நிறுத்தினார்கள். கடையில் வாங்கும் ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு கிராமுக்கு 980 மில்லிகிராம் பிடித்தது. வைக்கோல் கரி 472, உமிக் கரி 343, தேங்காய்ச் சிரட்டைக் கரி 278, நிலக்கடலைத் தோல் கரி 165, மூங்கில் தூள் கரி 143. விலை கொடுத்து வாங்கும் கரியில் பாதி வேலையை வைக்கோல் கரி செய்கிறது. சாதாரணக் கல்லூரி ஆய்வகங்களின் வசதியை அறிந்தவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட உழைப்பு என்று புரியும்.

472-க்கும் 1.3-க்கும் நடுவில்

மேலே உள்ள எண்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு குழப்பம் வரும். ஓரிடத்தில் 472, இன்னோரிடத்தில் 6.7. இரண்டுமே வேளாண் கழிவுக் கரிதான். எது சரி?

இரண்டும் சரி. கரி தயாரித்த விதமும் சோதித்த செறிவும் மாறுவது ஒரு காரணம். அதைவிட முக்கியம், சாயத்தின் மின்சுமை. மெத்திலீன் நீலம் நேர்மின் சாயம். உமி, வைக்கோல், நார், தோல் இவற்றின் மேற்பரப்பில் உள்ள கார்பாக்சில், ஃபீனால் தொகுதிகள் சாதாரணத் தண்ணீரில் எதிர்மின்சுமையோடு நிற்கும். நேர்மின் சாயத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கரியாக்காத பச்சைத் தூளே இதைச் செய்யும். என் மாணவர்கள் கைதட்டிய நீலப் பாட்டிலில் நடந்தது அதுதான்.

ரியாக்டிவ் சாயமோ எதிர்மின் சாயம். தூளும் எதிர்மின், சாயமும் எதிர்மின். பருத்தியோடு சாயத்துக்கு இருந்த அதே பிணக்கு இங்கேயும் வந்துவிடுகிறது, இரண்டும் செல்லுலோஸ் குடும்பம்தானே. 1996-ல் கோவையிலேயே செய்த ஆரஞ்சுத் தோல் ஆய்வு இதை அப்பட்டமாகக் காட்டுகிறது. காங்கோ சிவப்பை ஒரு கிராம் தோல் 22.4 மில்லிகிராம் வரை பிடித்தது. புரோசியான் ஆரஞ்சு என்ற ரியாக்டிவ் சாயத்தை? வெறும் 1.3 மில்லிகிராம். அதுவும் பிஎச் 3 வரை அமிலமாக்கிய பிறகு.

என்னை உறுத்தும் விஷயம் இங்கே இருக்கிறது. இந்தத் துறையின் ஆய்வுகளில் ஏராளமானவை மெத்திலீன் நீலத்தை வைத்தே நடக்கின்றன. மலிவு, அளப்பது சுலபம், எண் பெரிதாக வரும். ஆனால் திருப்பூரில் யாரும் பனியனுக்கு மெத்திலீன் நீலம் போடுவதில்லை. காங்கோ சிவப்பும் அப்படித்தான். அதைப் போல் பென்சிடின் என்ற வேதிப்பொருளிலிருந்து செய்யும் சாயங்களைப் புற்றுநோய் அபாயம் கருதி இந்தியா 1990களிலேயே தடை செய்துவிட்டது. முன்னோடிகள் இவற்றை மாதிரிச் சாயமாக எடுத்துக்கொண்டது நியாயம். ஏதாவது ஒன்றில் தொடங்கத்தானே வேண்டும். முப்பது வருடம் கழித்தும் புதுப் புதுக் கழிவுகளை அதே நீலத்தில் முக்கி எடுத்து, எவ்வளவு சாயம் ஏறும் என்று காட்டும் லாங்மியூர் வரைபடம் போட்டு, "சாயக்கழிவுக்கு மலிவான தீர்வு" என்று முடிப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மாணவர்களின் உழைப்பு வீணாகிறதே என்ற ஆதங்கத்தில் சொல்கிறேன்.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு நடுத்தரப் பட்டறை நாளுக்கு 1 லட்சம் லிட்டர் கழிவுநீர் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாயம் மிஞ்சுகிறது என்றால் நாளுக்கு 10 கிலோ சாயம். ஒரு கிராமுக்கு 472 மில்லிகிராம் பிடிக்கும் கரி இருந்தால் 21 கிலோ போதும், ஒரு சாக்கில் அடங்கிவிடும். 6.7 மில்லிகிராம் பிடிக்கும் கரி என்றால் ஏறக்குறைய 1,500 கிலோ. 1.3 என்றால் 7,700 கிலோ, அதாவது ஒரு லாரி. தினமும் ஒரு லாரித் தூள் உள்ளே வர வேண்டும், தினமும் ஒரு லாரி ஈரமான சாயத்தூள் வெளியே போக வேண்டும். வழக்கு நடந்த காலத்தில் திருப்பூர் மொத்தமும் விட்ட கழிவுநீர் நாளுக்கு 8, 9 கோடி லிட்டர் அளவில் இருந்தது. மேலே வந்த கிலோக்களை 800 ஆலும் 900 ஆலும் நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

கரியாக்கும்போது நார்க்கழிவின் எடையில் பெரும்பகுதி புகையாகப் போய்விடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1,500 கிலோ கரிக்கு அதைப்போல் பல மடங்கு நார்க்கழிவும், 700 டிகிரி வரை சூடேற்ற எரிபொருளும், புகையைக் கட்டுப்படுத்த ஓர் ஏற்பாடும் வேண்டும்.

சாயத்தை ஏற்றிக்கொண்ட கரியைக் கழுவித் திரும்பப் பயன்படுத்த முடியாதா? ஓரளவு முடியும். 2001 ஆய்வில் ஓர் அழகான சமச்சீர் தெரிந்தது. ஆசிட் வயலட்டை அமிலத்தில் நன்றாகப் பிடித்த கரி அதைக் காரத்தில் விட்டது. ரோடமின்-பியைக் காரத்தில் பிடித்தது, அமிலத்தில் விட்டது. ஆனால் காங்கோ சிவப்பு வேதிப்பிணைப்பே போட்டுக்கொண்டது போல அவ்வளவு எளிதில் கழன்று வரவில்லை. கழன்று வந்தாலும் அந்தச் சாயம் எங்கே போகும்? அமிலமோ காரமோ கலந்த, முன்னைவிடச் செறிவான ஒரு வாளிச் சாயத்தண்ணீராக மறுபடி நம் கையில்தான் நிற்கும்.

வாளித் தண்ணீர்

சரி, இத்தனையும் தாண்டி நிறத்தை முழுக்க எடுத்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரத்துப்பாளையத்துப் பெரியவர் காட்டிய வாளிக்குத் திரும்புவோம். அதில் நிறம் இல்லை. உப்பு இருந்தது.

கரிக்கு உப்பு ஒரு பொருட்டே அல்ல. சோடியமும் குளோரைடும் சல்பேட்டும் தண்ணீரோடு தண்ணீராகக் கரியின் துளைகள் வழியே நழுவிப் போய்விடும். உள்ளே எவ்வளவு டிடிஎஸ், அதாவது கரைந்த திடப்பொருள், போனதோ அவ்வளவும் வெளியே வரும். தண்ணீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது அப்போதைய வரம்பு. சாயத் தொட்டித் தண்ணீரில் அதைவிடப் பல மடங்கு. ஆயக்கட்டு நிலத்தை மலடாக்கியது சிவப்பும் நீலமும் அல்ல, உப்பு. நிறம் கண்ணில் பட்டதால் எல்லோரும் நிறத்தைப் பேசினோம். ஆராய்ச்சிக் கட்டுரைகளும் நிறத்தையே அளந்தன. அளப்பதற்கு ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர் போதும் அல்லவா.

பட்டறைகளை மூடிய பிறகு திருப்பூர் எடுத்த வழி அதனால்தான் வேறாக இருந்தது. 2011-ல் மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஒரு சொட்டும் வெளியே விடாத ஜீரோ டிஸ்சார்ஜ் முறைக்கு மாறின. முதலில் நுண்ணுயிர்த் தொட்டி, பிறகு நிலையத்துக்கு நிலையம் குளோரினோ ஓசோனோ பிசின் வடிகட்டியோ வைத்து நிறம் நீக்கல், பிறகு ஆர்.ஓ., கடைசியில் எவாப்பரேட்டர் எனும் ஆவியாக்கி. ஆர்.ஓ.வில் வடிந்த நல்ல தண்ணீர் பட்டறைக்கே திரும்பும். ஆவியாக்கியில் தேங்கும் உப்பில் நல்லதைப் பிரித்து மறுபடி சாயத் தொட்டிக்கே அனுப்புகிறார்கள். மின்சாரமும் விறகும் செலவும் ஏராளம். பிரிக்க முடியாத கலப்பு உப்பும் சேறும் இன்னமும் தலைவலி. ஆனாலும் உப்பு என்ற கேள்விக்கு அது பதில் சொன்னது. நார்க்கழிவு அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளவே இல்லை.

கழிவுக்கு விலை வந்தபோது

இதற்கிடையில் பொள்ளாச்சியில் இன்னொன்று நடந்தது. சாலையோரம் சும்மா கிடந்த நார்க்கழிவுக்கு விலை வந்தது. சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் போட்டு அதை மட்கவைக்கும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரப்பியிருந்தது. அதைவிடப் பெரிய மாற்றம் ஏற்றுமதி. மண்ணில்லாமல் செடி வளர்க்கும் வெளிநாட்டுப் பண்ணைகள் நார்க்கழிவை ஐந்து கிலோக் கட்டிகளாக அழுத்தி வாங்கத் தொடங்கின. இன்று மஞ்சியைவிட நார்க்கழிவைக் கணக்கில் வைத்து மில் நடத்துபவர்களும் உண்டு.

"இலவசமாகக் கிடைக்கும் கழிவு" என்று கட்டுரைகளின் முதல் பத்தியில் எழுதுவது இதோடு பொய்யாகிப் போனது. இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. நார்க்கழிவிலேயே இயற்கையாகப் பொட்டாசியம், சோடியம், குளோரைடு உப்புகள் உண்டு. ஏற்றுமதிக்கு 'லோ ஈசி', அதாவது உப்பு குறைந்த, நார்க்கழிவு வேண்டும் என்பதால் அதைத் தண்ணீர் விட்டு விட்டு அலசுகிறார்கள். அலசிய தண்ணீர் பழுப்பாக, உப்போடு, நிலத்தில் இறங்கியதால் அந்தப் பக்கத்துக் கிணறுகள் கெட்டன. மாசு வகைப்பாட்டில் நார்த் தொழிலை மாசில்லாத 'வெள்ளை'யிலிருந்து மாசு கூடிய 'ஆரஞ்சு'க்கு மாற்ற வேண்டி வந்தது. சாயத்தண்ணீரைச் சுத்தம் செய்ய நார்த்தூளைத் தயார் செய்வதற்கும் இதே அலசல் வேண்டும். இல்லாவிட்டால் டானின் கரைந்து சிஓடி (தண்ணீரில் உள்ள கரிமப்பொருள் தின்னும் ஆக்சிஜனின் அளவு) ஏறும். என் வெளிறிய தேநீர் பாட்டிலில் தெரிந்தது அதுதான். நிறத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு "தெளிந்தது" என்று எழுதினால், அந்தத் தண்ணீரில் ஆக்சிஜனைத் தின்னும் பொருள் கூடியிருப்பது தெரியாமலே போய்விடும்.

எங்கே பொருந்தும்?

இவ்வளவு சொன்னாலும் நான் அந்தப் பாட்டில் சோதனையை நிறுத்தவில்லை. காரணம், பொருந்தும் இடம் ஒன்று இருக்கிறது. அது பட்டு.

பட்டு புரதம். அதற்குப் போடுவது பெரும்பாலும் ஆசிட் சாயம். வெந்நீரில் சாயத்தைக் கரைத்து, கொஞ்சம் அசிட்டிக் அமிலம் விட்டு, நூல் கற்றையைத் தடியில் மாட்டித் திருப்பித் திருப்பி முக்குவார்கள். பருத்திக்குப் போல உப்பைக் கொட்ட வேண்டியதில்லை. தொட்டித் தண்ணீர் அமிலமாகவே இருக்கும். மேலே சொன்ன ஆய்வுகளைத் திரும்பப் பாருங்கள்: ஆசிட் வயலட்டை நார்க்கரி அமிலத்தில்தான் நன்றாகப் பிடித்தது. திருப்பூர்த் தண்ணீரில் நார்க்கழிவுக்கு எதிராக நின்ற உப்பும் காரமும் பட்டு நூல் சாயத்தில் அந்த அளவுக்கு இல்லை. அதோடு, காஞ்சிபுரம், ஆரணி, சேலம் பக்கத்துப் பட்டு நூல் சாயக்காரர்கள் வீட்டின் பின்கட்டில் சில குண்டாக்களை வைத்துத் தொழில் செய்பவர்கள். லட்சக்கணக்கான லிட்டர் அல்ல, குடக்கணக்கு. ஆர்.ஓ., எவாப்பரேட்டர் அவர்களுக்குக் கனவிலும் கட்டுப்படியாகாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் குழாய் போட அவர்கள் ஒரே இடத்திலும் இல்லை.

அப்படி ஒரு பின்கட்டில் நின்று பார்த்திருக்கிறேன். மாம்பழ மஞ்சளில் முக்கி எடுத்த நூலை அந்த வீட்டு அம்மா பிழிந்தபோது கடைசிச் சொட்டு ஏறக்குறைய நிறமில்லாமல் வந்தது. நல்ல கைத்திறன் உள்ளவர் சாயத்தை அவ்வளவு உறிஞ்சவைத்துவிடுகிறார். அடுத்த குண்டாவில் அடர்ந்த அரக்கு நிறம். அதில் மிச்சம் நிறையவே இருந்தது. "இத எங்கம்மா ஊத்துவீங்க?" என்றேன். பின்னால் இருந்த வாழைக்கு அருகே ஒரு குழியைக் காட்டினார். குழியைச் சுற்றி மண் கறுத்திருந்தது.

அந்தக் குழிக்கு முன்னால் ஒரு டிரம் வைக்கலாம். அடியில் கூழாங்கல், மேலே மணல், அதன் மேல் உமிக் கரியோ நார்க்கரியோ. குண்டாத் தண்ணீர் ஆறிய பிறகு, அதன் அமிலத்தன்மை போவதற்கு முன், மெதுவாக இறங்கவிட வேண்டும். வேகமாக ஊற்றினால் கரிக்கும் சாயத்துக்கும் சேர நேரம் கிடைக்காது. நூலின் பசையை எடுக்கச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை இந்த டிரம்மில் ஊற்றவே கூடாது. அது காரம். கரி பிடித்து வைத்திருக்கும் ஆசிட் சாயத்தை அது கழற்றிக் கீழே விட்டுவிடும். டிரம் வைக்கிறவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கும். வீட்டில் இருக்கிற எல்லாத் தண்ணீரையும் ஒரே வழியில் விடுவது மனித இயல்பு.

உமிக் கரி என்றேன். அரிசி ஆலைகளின் கொதிகலன்களிலிருந்து சாம்பலும் அரைகுறையாக எரிந்த கரியும் வருகிறது. நார்க்கழிவைப் போல அதற்கு இன்னும் பெரிய கிராக்கி வரவில்லை, ஏற்கெனவே சுட்டது என்பதால் தனியாக எரிபொருளும் வேண்டாம். துத்தநாகக் குளோரைடில் சுட்ட கரியின் வலிமை இதற்கு வராதுதான். குடக்கணக்கில் வரும் தண்ணீருக்கு அந்த வலிமை தேவையா என்பதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். துத்தநாகத்தைக் கழுவி எடுப்பதும் இன்னொரு கழிவுநீர் என்பதை மறந்துவிடக்கூடாது.

பெரிய நிலையங்களிலும் ஒரு சின்ன இடம் உண்டு. ஆர்.ஓ. சவ்வுக்குப் போகுமுன் மிச்சம் மீதி நிறத்தையும் கரிமப் பொருளையும் எடுக்கும் கடைசி வடிகட்டியாக இந்தக் கரியைப் போடலாம். அங்கே சாயம் லிட்டருக்கு 100 மில்லிகிராம் இருக்காது, வெகு குறைவாகவே இருக்கும். கணக்கும் லாரியிலிருந்து சாக்குக்கு இறங்கும். வாங்கிப் போடும் ஆக்டிவேட்டட் கார்பனே சிரட்டையிலிருந்து வருவதுதானே, தமிழ்நாட்டிலேயே அதைச் செய்கிறார்கள்.

தீர்ந்துபோன கரியை என்ன செய்வது என்ற கேள்விக்கு மட்டும் பட்டிலும் தப்பிக்க முடியாது. திருப்பூர் நிலையங்களின் சேறு சிமென்ட் ஆலைகளின் சூளைக்குப் போகிறது. சாயம் ஏறிய கரி நன்றாக எரியும், ஆகவே அந்தச் சூளைக்கு அது சேற்றைவிடத் தோதானது. ஒரு பின்கட்டில் மாதம் இரண்டு சாக்கு சேரும் கரியை யார் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள்? நூல் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கத்தின் வண்டியே திரும்பும்போது ஏற்றிக்கொண்டு வரலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. வேதியியலில் எனக்குத் தெரிந்ததைவிட இந்த வண்டி ஏற்பாட்டைத் தெரிந்தவர்களின் யோசனைதான் இங்கே தேவை. குப்பையோடு கொட்டினால் முதல் மழையிலேயே கொஞ்சம் சாயம் திரும்ப மண்ணுக்கு வரும். அடுப்பில் போட்டு எரிப்பதும் ஆபத்து. பட்டுச் சாயங்கள் சிலவற்றில் குரோமியம் உண்டு.

இந்த வருடம் திட்டப் பணிக்கு வந்த மாணவிகள் மூவரிடம் மெத்திலீன் நீலத்தைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அரக்கு, மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ என்று மூன்று குண்டாக்களின் மிச்சத் தண்ணீரை அவர்களே போய் வாங்கி வந்தார்கள். நிறத்தோடு பிஎச், டிடிஎஸ், சிஓடி மூன்றையும் டிரம்முக்கு முன்னும் பின்னும் அளக்கிறார்கள். அரக்கில் சாயம் ஒன்றல்ல, மூன்று நான்கைக் கலந்திருக்கிறார்கள். ஒன்று கரியில் ஏறும்போது இன்னொன்று நழுவுகிறது. வெளியே வரும் தண்ணீர் அரக்கிலிருந்து ஆரஞ்சாக மாறி நிற்கிறது. "மேடம், கலர் மாறிப்போச்சு, கிராஃப் எப்படிப் போடறது?" என்று கவலையோடு வந்தார்கள். மூன்று அலைநீளத்தில் தனித்தனியாக அளக்கச் சொல்லியிருக்கிறேன். தீர்ந்த கரியை அவர்கள் ஒரு சாக்கில் கட்டி, தேதி எழுதி, ஆய்வகத்தின் மூலையில் வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துப் போக இன்னும் யாரும் வரவில்லை.